தென்னிந்தியப் பாரசீகச் சிலுவைகள்

தென்னிந்தியப் பாரசீகச் சிலுவைகள் என்பன தமிழ்நாடு, கேரளம், கோவா ஆகிய இடங்களில் கண்டெடுக்கப்பட்ட, பகலவி மொழி வாசகம் பொறிக்கப்பட்ட, இடைக்காலக் கிறித்தவக் கற்சிற்பங்கள் ஆகும். இவை தோமையார் சிலுவைகள், மார்த்தோமா சிலுவைகள் என்றும் அழைக்கப்படுகின்றன. கற்பலகை ஒன்றின் நடுவே புடைப்புச் சிற்பமாகச் சிலுவையும், அதனைச் சுற்றி வளைவாக எழுத்துக்களும் செதுக்கப்பட்டிருப்பது இவற்றின் பொது அமைப்பாகும். இவற்றுள் மிகவும் அறியப்பட்டது சென்னையை அடுத்த பரங்கிமலை (புனித தோமையார் மலை) தேவாலயத்தின் பீடத்தில் உள்ள சிலுவை ஆகும். இது 1547ஆம் ஆண்டில் போர்த்துக்கீசரால் கண்டெடுக்கப்பட்டது.

போர்த்துக்கீசர் வருகைக்கு முன்னரே தென்னிந்தியாவில் கிறித்தவ சமூகங்கள் இருந்தன என்பதற்குக் கல்லில் எஞ்சியுள்ள சான்றுகளில் இவை முதன்மையானவை. இவற்றில் இயேசுவின் உருவமோ புனிதர்களின் உருவங்களோ இல்லை. ஐரோப்பாவில் புனிதர்களின் சிற்பங்கள் அலபாஸ்டர் முதலிய கற்களில் பெருமளவில் செதுக்கப்பட்ட இடைக்காலத்தில், தென்னிந்தியக் கிறித்தவர் தங்கள் நம்பிக்கையை உருவமற்ற சிலுவை ஒன்றின் வழியாகவே கல்லில் வெளிப்படுத்தினர்.

பெயர்

இச்சிலுவைகளுக்கு வழங்கும் பெயர்கள் ஒவ்வொன்றும் இவற்றின் தோற்றம் குறித்த ஒரு கருத்தைத் தாங்கியுள்ளன.

* பாரசீகச் சிலுவை - வாசகம் பாரசீகத்தின் இடைக்கால மொழியான பகலவியில் இருப்பதால் ஆய்வாளர் இட்ட பெயர்.
* தோமையார் சிலுவை அல்லது மார்த்தோமா சிலுவை - இயேசுவின் சீடரான தோமையாருடன் தொடர்புபடுத்தும் மரபு வழிப் பெயர். 'மார்' என்பது சிரியாக்கு மொழியில் மதிப்புக்குரியவரைக் குறிக்கும் அடைமொழியாகும்.
* இரத்தச் சிலுவை - பரங்கிமலைச் சிலுவையில் மட்டும் வழங்கும் பெயர். சிலுவை வியர்த்ததாகவும் குருதி கசிந்ததாகவும் கூறும் செய்திகளை ஒட்டி ஏற்பட்டது.
* மானிக்கேயச் சிலுவை - 19ஆம் நூற்றாண்டில் முன்வைக்கப்பட்ட ஒரு கருதுகோளிலிருந்து தோன்றிய பெயர். இன்றைய ஆய்வாளர் பொதுவாக இதனை ஏற்பதில்லை.

அமைப்பு

இச்சிலுவைகள் அனைத்தும் ஏறத்தாழ ஒரே வடிவமைப்பைப் பின்பற்றுகின்றன. சிலுவையின் நான்கு கைகளும் முனையில் விரிந்து, மலரும் மொட்டைப் போன்று முடிகின்றன. சிலுவை படிகளாக அமைந்த ஒரு பீடத்தின் மீது நிற்கிறது. அடிப்பகுதியின் இரு புறங்களிலும் இலைகள் அல்லது தாமரை இதழ்கள் மேல் நோக்கி எழுகின்றன. சிலுவையின் உச்சிக்கு மேலே, தலை கீழாக இறங்கி வரும் புறா ஒன்று காணப்படுகிறது. கிறித்தவ மரபில் புறா தூய ஆவியின் சின்னமாகும்.

சிலுவையின் இரு பக்கங்களிலும் தூண்கள் உள்ளன. தூண்களின் தலைப்பில் மகரங்கள் அமர்ந்துள்ளன. அவற்றின் வாயிலிருந்து புறப்படும் வளைவு சிலுவையின் மேல் தோரணமாக அமைகிறது. பகலவி வாசகம் இந்த வளைவுக்கு வெளியே, மேற்புறத்திலும் பக்கங்களிலும் பட்டை போல ஓடுகிறது.

இவ்வடிவத்தில் இரு வேறு மரபுகள் ஒன்று சேர்ந்துள்ளன. விரிந்த முனைகளை உடைய சிலுவை, அதனடியில் எழும் இலைகள், படிப்பீடம் ஆகியவை மேற்காசியக் கிறித்தவக் கலையில் பரவலாகக் காணப்படுபவை. இலைகளுடன் கூடிய சிலுவை, மரணத்தின் கருவி வாழ்வின் மரமாக மாறியது என்னும் கருத்தை உணர்த்துவதாகக் கொள்ளப்படுகிறது. மகர தோரணமோ தென்னிந்தியக் கோயிற் கலைக்கு உரியது. தமிழகக் கோயில்களின் தேவகோட்டங்களுக்கு மேலே இத்தகைய தோரணங்களைக் காணலாம். எனவே, வடிவத்தையும் வாசகத்தையும் தந்தவர் பாரசீகத் தொடர்புடையவராக இருப்பினும், உளி பிடித்தவர் உள்ளூர்ச் சிற்பியாக இருந்திருக்க வாய்ப்பு உண்டு.

வரலாற்றுப் பின்னணி

கிழக்குத் திருச்சபையும் இந்தியாவும்

சாசானியப் பேரரசின் (கி.பி. 224 - 651) எல்லைக்குள் வளர்ந்த கிறித்தவப் பிரிவு கிழக்குத் திருச்சபை எனப்படுகிறது. இதன் வழிபாட்டு மொழி சிரியாக்கு ஆகும். பாரசீக வளைகுடா வழியாக நடந்த கடல் வணிகத்துடன் இத்திருச்சபை இந்தியக் கரைகளுக்கும் இலங்கைக்கும் பரவியது.

6ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் எழுதிய கிரேக்க வணிகரான காசுமாசு இண்டிகோபிளூசுடசு, மிளகு விளையும் 'மாலே' நாட்டிலும் (மலபார்) தப்ரபேன் தீவிலும் (இலங்கை) கிறித்தவர் இருந்ததைக் குறிப்பிடுகிறார். இலங்கையில் இருந்தவர்கள் பாரசீகக் கிறித்தவர் என்றும், அவர்களின் குரு பாரசீகத்திலிருந்து நியமிக்கப்பட்டார் என்றும் அவர் கூறுகிறார். 7ஆம் நூற்றாண்டின் நடுவில், இந்தியக் கிறித்தவர் பாரசீகத்தின் பார்சு பகுதியில் உள்ள ரேவ் அர்தசீர் பேராயரின் மேற்பார்வையில் இருந்ததை, கிழக்குத் திருச்சபையின் முதல்வரான மூன்றாம் ஈசோயாபின் (பதவிக் காலம் 649 - 659) கடிதங்கள் காட்டுகின்றன. வாசகம் சிரியாக்கில் அன்றிப் பகலவியில் அமைந்ததற்கு, பார்சு பகுதியுடனான இந்த நெருங்கிய தொடர்பு ஒரு காரணமாகக் கருதப்படுகிறது.

கொல்லம் செப்பேடுகள்

இதே மொழிக்கு மற்றொரு சான்று கேரளத்தில் கிடைத்துள்ளது. சேர மன்னர் தாணு இரவியின் 5ஆம் ஆட்சியாண்டில் (கி.பி. 849), வேணாட்டு ஆட்சியாளரான அய்யனடிகள் திருவடிகள் கொல்லத்தில் இருந்த தரிசாப்பள்ளி என்னும் தேவாலயத்துக்கு உரிமைகளை வழங்கினார். இவ்வுரிமைகளைப் பதிவு செய்யும் செப்பேடுகள் வட்டெழுத்தில் எழுதப்பட்டவை. இவற்றில் அஞ்சுவண்ணம், மணிக்கிராமம் ஆகிய வணிகக் குழுக்கள் குறிப்பிடப்படுகின்றன. தரிசாப்பள்ளியை அமைத்தவராக மருவான் சபீர் ஈசோ என்பவர் பெயர் வருகிறது. செப்பேட்டின் இறுதியில் சாட்சிகள் அரபு, பகலவி, எபிரேய எழுத்துக்களில் கையொப்பம் இட்டுள்ளனர். 9ஆம் நூற்றாண்டில் தென்னிந்தியத் துறைமுகம் ஒன்றில் பகலவி எழுதத் தெரிந்தவர்கள் வாழ்ந்தனர் என்பது இதனால் ஐயமின்றி உறுதியாகிறது.

மயிலாப்பூர்

13ஆம் நூற்றாண்டின் இறுதியில் தென்னிந்தியா வந்த மார்க்கோ போலோ, சோழ மண்டலக் கடற்கரையில் தோமையாரின் கல்லறை இருந்ததையும், கிறித்தவரும் இசுலாமியரும் அங்கு யாத்திரையாக வந்ததையும் எழுதியுள்ளார். அதே காலத்தில் சீனாவுக்குச் செல்லும் வழியில் மாண்டேகார்வினோ யோவான் என்னும் பிரான்சிசுக்க சபைத் துறவி இப்பகுதியில் 13 மாதங்கள் தங்கினார். ஆகவே பரங்கிமலைச் சிலுவை தனித்துக் கிடந்த ஒரு பொருள் அன்று. அது கிறித்தவ யாத்திரைத் தலம் ஒன்றன் சுற்றுப்புறத்தைச் சேர்ந்தது.

பரங்கிமலைச் சிலுவை

தோமையார் கி.பி. 72இல் இம்மலையில் ஈட்டியால் குத்தப்பட்டு இறந்தார் என்பது கிறித்தவ மரபு. போர்த்துக்கீசர் மயிலாப்பூரில் குடியேறிய பின்னர் 1523ஆம் ஆண்டில் மலை மீது ஒரு தேவாலயம் அமைத்தனர். 1547இல் அங்கு கட்டடப் பணிக்காக நிலத்தைத் தோண்டிய பொழுது, எழுத்துக்களுடன் கூடிய கற்சிலுவை வெளிப்பட்டது. அது கருங்கல்லால் ஆனது. கல்லின் மீது காணப்பட்ட கறைகள் குருதிக் கறைகள் என நம்பப்பட்டன. தோமையாரே இச்சிலுவையைச் செதுக்கினார் என்றும், அதனைத் தழுவியபடியே உயிர் நீத்தார் என்றும் செய்தி பரவியது. சிலுவை தேவாலயத்தின் முதன்மைப் பீடத்தில் பதிக்கப்பட்டது.

1558ஆம் ஆண்டு திசம்பர் 18ஆம் நாள் திருப்பலியின் போது சிலுவை நிறம் மாறி வியர்த்தது எனத் தேவாலய மரபு கூறுகிறது. அதன் பின்னர் பலமுறை இவ்வாறு நிகழ்ந்ததாகவும், 1704ஆம் ஆண்டே இறுதி முறை என்றும் குறிப்புகள் உள்ளன. திசம்பர் 18 எதிர்பார்ப்பு அன்னையின் திருவிழா நாளாகும். தேவாலயமும் அன்னையின் அப்பெயரையே தாங்கியுள்ளது.

18ஆம் நூற்றாண்டில் சென்னையில் வாழ்ந்த ஆர்மீனிய வணிகரான கோஜா பெத்ருஸ் உஸ்கான், யாத்திரிகர் ஏறுவதற்கு வசதியாக மலைக்குப் படிகள் அமைத்துக் கொடுத்தார். 1973இல் தோமையாரின் 19ஆம் நூற்றாண்டு நினைவாக இந்திய அஞ்சல் துறை வெளியிட்ட அஞ்சல்தலையில் இக்கற்சிலுவையின் உருவம் இடம்பெற்றது. 1986ஆம் ஆண்டு பெப்ரவரியில் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் இத்தலத்துக்கு வருகை தந்தார்.

பிற சிலுவைகள்

கேரளம்

பரங்கிமலைச் சிலுவையில் உள்ள அதே பகலவி வாசகம் கேரளத்தின் பின்வரும் இடங்களில் உள்ள சிலுவைகளிலும் காணப்படுகிறது.

* கோட்டயம் வலிய பள்ளி - இங்கு இரண்டு சிலுவைகள் உள்ளன. சிறியதாகிய பழைய சிலுவையில் பகலவி வாசகம் முழுமையாக உள்ளது. பிற்பட்டதாகக் கருதப்படும் பெரிய சிலுவையில் பகலவியுடன் சிரியாக்கு வாசகம் ஒன்றும் சேர்ந்துள்ளது. அது விவிலியத்தில் கலாத்தியருக்கு எழுதிய திருமுகத்தில் சிலுவையைப் பற்றி வரும் வசனமாகும் (6:14).
* முட்டுச்சிற - கோட்டயம் மாவட்டம்.
* கோதநல்லூர் - கோட்டயம் மாவட்டம்.
* கடமற்றம் - எர்ணாகுளம் மாவட்டம். மாந்திரீக ஆற்றல் பெற்றவராகக் கேரள நாட்டார் கதைகளில் வரும் கடமற்றத்துக் கத்தனாருடன் தொடர்புடைய தேவாலயம் இதுவே.
* ஆலங்காடு - எர்ணாகுளம் மாவட்டம்.

இவற்றைத் தவிர, கேரளத்தின் பழைய தேவாலயங்களுக்கு முன்னால் திறந்த வெளியில் நிற்கும் உயரமான கற்சிலுவைகளும் உள்ளன. இவை வேறு வகையைச் சேர்ந்தவை. பகலவி வாசகம் அற்றவை. தாமரை வடிவப் பீடமும், விளக்கு வைக்கும் அமைப்பும் இவற்றின் சிறப்பாகும்.

கோவா

2001ஆம் ஆண்டில் கோவாவின் அகசைம் என்னும் இடத்தில் பகலவி வாசகம் உள்ள ஒரு சிலுவை கண்டறியப்பட்டது. இதே கல்லில் பிற்காலத்தில் பொறிக்கப்பட்ட போர்த்துக்கீச வாசகமும் உண்டு. பகலவிச் சிலுவைகள் கேரளத்துக்கும் மயிலாப்பூருக்கும் மட்டும் உரியவை என்ற எண்ணத்தை இக்கண்டுபிடிப்பு மாற்றியது.

அனுராதபுரச் சிலுவை

1912ஆம் ஆண்டில் இலங்கையின் பழைய தலைநகரான அனுராதபுரத்தில் நடந்த அகழாய்வில், வழவழப்பாகச் செதுக்கப்பட்ட கருங்கல் தூண் ஒன்றின் பகுதியில் சிலுவை காணப்பட்டது. கைகளின் விரிந்த முனைகள், படிப்பீடம், அடியில் எழும் இலைகள் ஆகியவற்றில் இது தென்னிந்தியச் சிலுவைகளை ஒத்துள்ளது. ஆனால் இதில் வாசகம் இல்லை, தோரணமும் இல்லை. தொடக்கத்தில் இது போர்த்துக்கீசர் காலத்தது என ஏ. எம். ஒக்கார்ட் கருதினார். 1926இல் அம்ப்ரி கோட்ரிங்டன், காசுமாசின் குறிப்பைச் சுட்டிக்காட்டி, இது 5 அல்லது 6ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த பாரசீகக் கிறித்தவரின் சிலுவையாகலாம் என்றார். பின்னைய கருத்தே பரவலாக ஏற்கப்பட்டுள்ளது. சிலுவை அனுராதபுரம் தொல்பொருள் அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டது.

வாசகம்

எழுத்தின் இயல்பு

பகலவி என்பது இடைக்காலப் பாரசீக மொழியையும் அதனை எழுதப் பயன்பட்ட எழுத்து முறையையும் குறிக்கும். இதனைப் பல்லவ மன்னர் காலத்து எழுத்துடன் குழப்பிக் கொள்ளலாகாது. பல்லவர் கல்வெட்டுக்களில் கிரந்தம், தமிழ், வட்டெழுத்து முதலியவை பயன்பட்டன. பகலவி எழுத்து அரமேய எழுத்திலிருந்து தோன்றியது. வலமிருந்து இடமாக எழுதப்படுவது.

இவ்வெழுத்தைப் படிப்பது கடினம். ஒரே வரிவடிவம் பல ஒலிகளுக்கு நிற்கும். சில சொற்கள் அரமேயத்தில் எழுதப்பட்டுப் பாரசீகத்தில் படிக்கப்படும். சிலுவைகளில் உள்ள வாசகமோ மிகவும் குறுகியது. அது நீண்ட பகுதி ஒன்றும் குறுகிய பகுதி ஒன்றுமாகப் பிரிந்துள்ளது. எங்கிருந்து படிக்கத் தொடங்குவது என்பதிலேயே அறிஞரிடையே கருத்து வேறுபாடு இருந்தது.

முற்கால விளக்கங்கள்

சிலுவை கிடைத்த சில ஆண்டுகளுக்குள், போர்த்துக்கீசர் உள்ளூர்ப் பிராமண அறிஞர் ஒருவரை அழைத்து எழுத்துக்களைப் படிக்கச் செய்தனர். அவர் அதனைத் தோமையாரின் வருகையையும் மரணத்தையும் கூறும் நீண்ட வரலாறாக விளக்கினார். பகலவி எழுத்தை அறியாத நிலையில் தரப்பட்ட அவ்விளக்கம், கேட்டவர்கள் எதிர்பார்த்ததை ஒட்டியே அமைந்தது. ஐரோப்பாவில் அச்சான நூல்கள் வழியாக அது பரவியது. மூன்று நூற்றாண்டுகள் வரை அதனைச் சரிபார்க்க வழி இருக்கவில்லை.

பர்னெல் முதல் இன்று வரை

இந்தியக் குடிமைப் பணி அதிகாரியும் தென்னிந்திய எழுத்தியல் அறிஞருமான ஆர்தர் கோக் பர்னெல், 1873ஆம் ஆண்டில் இவ்வெழுத்து பகலவி என அறிவித்துத் தம் வாசிப்பை வெளியிட்டார். தஞ்சை அரண்மனைச் சுவடிகளுக்குப் பட்டியல் தொகுத்தவரும் இவரே. பர்னெல் வாசகத்தைக் கிறித்துவின் பாடுகளையும் அவருடைய இறைத் தன்மையையும் கூறும் சமயக் கோட்பாட்டு வாக்கியமாகக் கொண்டார். அவரைத் தொடர்ந்து மார்ட்டின் ஆக் முதலிய செருமானிய அறிஞரும் இதே போக்கில் விளக்கம் தந்தனர்.

1929இல் கேம்பிரிட்ச் அறிஞரான சி. பி. டி. விங்க்வொர்த் முற்றிலும் வேறான வாசிப்பு ஒன்றை முன்வைத்தார். அதன்படி வாசகம் கோட்பாடு அன்று. ஒரு தனி மனிதருக்கான வேண்டுதல். சகார்புக்த் என்பவரின் மகனான அப்ராசு என்பவர் மீது ஆண்டவராகிய மெசியா இரக்கம் கொள்ளுமாறு அது வேண்டுகிறது; அவரே இதனைச் செய்தவர் அல்லது செய்வித்தவர் என்றும் கூறுகிறது. 1970இல் கெர்ட் கிராப் என்பவரும் வாசகத்தை ஆராய்ந்தார். 2002ஆம் ஆண்டில் கார்லோ செரெட்டி, லூக்கா ஒலிவியெரி, வழுதனப்பள்ளி ஆகியோர் சிலுவைகள் பலவற்றையும் நேரில் ஆய்ந்து வெளியிட்ட கட்டுரையில், இரக்கம் வேண்டப்படுபவரின் பெயர் கபிரியேல் என்றும், அவர் சகார்புக்தின் மகன் என்றும், துர்சாத் என்பவரின் பேரன் என்றும் படித்தனர்.

பெயர்களில் வேறுபாடு இருப்பினும், விங்க்வொர்த்துக்குப் பின் வந்த வாசிப்புகள் அடிப்படையில் ஒன்றுபடுகின்றன. இது தோமையாரின் வரலாறு அன்று. சமயக் கோட்பாடும் அன்று. கல்லைச் செய்வித்த ஒருவர் தமக்காக இறைவனிடம் இரக்கம் வேண்டி விட்டுச் சென்ற சிறு வாக்கியமாகும்.

ஒரே வாசகம் ஏன்?

ஒருவருக்காக எழுதப்பட்ட வேண்டுதல் பரங்கிமலையிலும் கேரளத்தின் பல ஊர்களிலும் ஒரே சொற்களில் காணப்படுவது ஏன் என்னும் கேள்வி எழுகிறது. ஏதோ ஒரு மூலச் சிலுவையைப் பார்த்து ஏனையவை படியெடுக்கப்பட்டன என்பது பரவலான விளக்கம். பரங்கிமலைச் சிலுவையே மூலம் எனச் சிலர் கருதுகின்றனர். படிகளில் எழுத்துக்கள் சிதைந்தும் உருமாறியும் இருப்பதால், அவற்றைச் செதுக்கியவர்களுக்குப் பகலவி படிக்கத் தெரிந்திருக்கவில்லை எனலாம். அவர்களுக்கு வாசகம் பொருள் தரும் வாக்கியமாக அன்றி, சிலுவையின் திருவடிவத்தில் பிரிக்க இயலாத ஓர் உறுப்பாகவே இருந்திருக்க வேண்டும்.

காலம்

எந்தச் சிலுவையிலும் ஆண்டு குறிக்கப்படவில்லை. எழுத்தமைதி, சிற்ப அமைதி, வரலாற்றுச் சூழல் ஆகியவற்றைக் கொண்டே காலம் கணிக்கப்படுகிறது. பர்னெல் பரங்கிமலைச் சிலுவையை 7 அல்லது 8ஆம் நூற்றாண்டினதாகக் கொண்டார். பின்வந்தோரின் கணிப்புகள் பெரும்பாலும் 6ஆம் நூற்றாண்டுக்கும் 9ஆம் நூற்றாண்டுக்கும் இடையில் அமைகின்றன. கோட்டயத்தின் பெரிய சிலுவை 10ஆம் நூற்றாண்டளவில் செய்யப்பட்டிருக்கலாம். எவ்வாறாயினும், முதலாம் நூற்றாண்டில் தோமையாரே இவற்றைச் செதுக்கினார் என்னும் மரபுடன் எழுத்துச் சான்று பொருந்தவில்லை. தோமையார் இந்தியா வந்தாரா என்னும் கேள்வி இதனின் வேறானது. அதற்கு இச்சிலுவைகள் சான்றாகவும் மாட்டா, மறுப்பாகவும் மாட்டா.

ஐரோப்பிய அலபாஸ்டர் சிற்பங்களுடன் ஒப்பீடு

இடைக்கால மேற்கு ஐரோப்பாவின் கிறித்தவச் சிற்பங்களுடன் ஒப்பிடும்போது தென்னிந்தியச் சிலுவைகளின் தனித்தன்மை தெளிவாகிறது. அலபாஸ்டர் என்பது ஜிப்சம் வகையைச் சேர்ந்த, வெண்மையான, மென்மையான கல் ஆகும். நகத்தால் கீறினாலும் தடம் பதியும். நீரில் சிறிதளவு கரையும் இயல்புடையதால் கட்டடத்துக்கு உள்ளே வைக்கும் சிற்பங்களுக்கே ஏற்றது. 14ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி முதல் 16ஆம் நூற்றாண்டின் முற்பகுதி வரை இங்கிலாந்தின் நாட்டிங்காம் நகரமும் அதன் சுற்றுப்புறமும் இவ்வகைச் சிற்பங்களுக்குப் புகழ் பெற்றிருந்தன. கல் பெரும்பாலும் தார்பி நகருக்கு அருகிலுள்ள செல்லாசுட்டன் முதலிய சுரங்கங்களிலிருந்து வந்தது.

இயேசுவின் பாடுகள், மரியாவின் வாழ்க்கை, புனிதர்களின் சாவு ஆகியவை சிறு பலகைகளாகச் செதுக்கப்பட்டு, வண்ணமும் பொன்னும் தீட்டப்பட்டு, மரச் சட்டத்தில் வரிசையாகப் பொருத்தப்பட்டன. இவை பிரான்சு, எசுப்பானியா, ஐசுலாந்து முதலிய நாடுகளுக்கு ஏற்றுமதி ஆயின. 1456ஆம் ஆண்டில் ஜான் குட்இயர் என்னும் ஆங்கிலேயக் குரு, எசுப்பானியாவின் சந்தியாகோ தே கொம்போசுதேலா பேராலயத்துக்கு யாக்கோபின் வாழ்க்கையைக் காட்டும் அலபாஸ்டர் பலகைகளைக் காணிக்கையாக அளித்தார்.

பரங்கிமலையுடன் தொடர்புடைய தோமையாரும் இச்சிற்பங்களில் இடம் பெறுகிறார். மரியா விண்ணேற்பு அடையும் காட்சியைக் காட்டும் பலகைகளில், அவர் தம் இடைக்கச்சையைக் கீழே நிற்கும் தோமையாரிடம் தருவதாகச் செதுக்குவது வழக்கம். இவ்வாறு இங்கிலாந்தின் சிற்பி தோமையாரை முகமும் உடலும் கொண்ட மனிதராகக் காட்டினார். அவருடைய கல்லறை உள்ளதாக நம்பப்பட்ட மயிலாப்பூரை அடுத்த மலையிலோ அவர் உருவம் செதுக்கப்படவில்லை. சிலுவை மட்டுமே செதுக்கப்பட்டது.

இதற்குக் காரணம் திறமைக் குறைவோ கல்லின் கடினமோ அன்று. அதே கருங்கல்லில் நுணுக்கமான மனித உருவங்களைப் படைத்த சிற்பிகள் தமிழகத்தில் இருந்தனர். கிழக்குத் திருச்சபையின் வழிபாட்டில் உருவமற்ற சிலுவை பெற்றிருந்த முதன்மையே இதன் காரணமாகக் கருதப்படுகிறது. 16ஆம் நூற்றாண்டில் கேரளம் வந்த போர்த்துக்கீசர், அங்குள்ள பழைய தேவாலயங்களில் புனிதர் உருவங்கள் இல்லாமல் சிலுவைகளே இருந்ததைக் கண்டு எழுதியுள்ளனர்.

இரு மரபுகளின் முடிவும் வேறுபட்டது. இங்கிலாந்தில் சமயச் சீர்திருத்தத்தின் விளைவாக, 1550ஆம் ஆண்டுச் சட்டம் தேவாலய உருவங்களை அகற்றவும் அழிக்கவும் ஆணையிட்டது. மிகப் பல அலபாஸ்டர் சிற்பங்கள் உடைக்கப்பட்டன, சில புதைக்கப்பட்டன, சில கப்பலேற்றி விற்கப்பட்டன. எஞ்சியவற்றுள் பெரும் தொகுதி ஒன்றை வால்டர் இல்ட்பர்க் என்னும் சேகரிப்பாளர் 1946இல் இலண்டனின் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்துக்கு வழங்கினார். தென்னிந்தியாவிலோ, அதே நூற்றாண்டில் எதிர்த்திசையில் மாற்றம் நிகழ்ந்தது. 1599ஆம் ஆண்டின் உதயம்பேரூர்ச் சங்கத்துக்குப் பின் இலத்தீன் வழிபாட்டு வழக்கங்கள் வலுப்பெற்றன. புனிதர்களின் மரச் சிற்பங்களும் ஓவியங்களும் தேவாலயங்களில் பெருகின. ஆயினும் பழைய கற்சிலுவைகள் உடைக்கப்படவில்லை. அவை பீடங்களிலும் சுவர்களிலும் பதிக்கப்பட்டு வணங்கப்பட்டன. அதனாலேயே, அலபாஸ்டர் சிற்பங்கள் பெரும்பாலும் அருங்காட்சியகப் பொருள்களாகிவிட, இச்சிலுவைகள் பெரும்பாலும் வழிபாட்டில் நிலைத்துள்ளன.

தமிழகக் கற்சிற்பச் சூழல்

கற்பலகையில் புடைப்புருவமும் எழுத்தும் சேர்ந்து வருவது தமிழகத்துக்குப் புதியது அன்று. திருவண்ணாமலை மாவட்டத்தின் செங்கம் பகுதியில், பல்லவர் காலத்தைச் சேர்ந்த நடுகற்கள் பல கண்டெடுக்கப்பட்டுள்ளன. ஆநிரை மீட்டல் முதலிய பூசல்களில் இறந்த வீரனின் உருவம் புடைப்பாகச் செதுக்கப்பட்டு, மன்னரின் ஆட்சியாண்டும் வீரனின் பெயரும் இறந்த காரணமும் வட்டெழுத்தில் பொறிக்கப்பட்டன. அதே மாவட்டத்தில் போளூருக்கு அருகிலுள்ள திருமலையில் சமணத் தீர்த்தங்கரரான நேமிநாதரின் 16 அடிக்கும் மேற்பட்ட உயரமுள்ள உருவம் பாறையில் செதுக்கப்பட்டுள்ளது.

செங்கம் நடுகல்லும் பரங்கிமலைச் சிலுவையும் ஒரே மரபில் வந்தவை எனக் கூறுவதற்கு இல்லை. எனினும் இவை காலத்தால் நெருங்கியவை. ஒரு தனி மனிதரின் பெயரைக் கல்லில் நிலைநிறுத்தும் நோக்கம் இரண்டுக்கும் பொது. நடுகல் இறந்தவரின் வீரத்தை ஊராருக்குச் சொல்கிறது. சிலுவை, செய்வித்தவரின் வேண்டுதலை இறைவனுக்குச் சொல்கிறது. நடுகல்லின் வாசகத்தை அதனைச் சுற்றி வாழ்ந்த மக்களின் மொழியிலேயே எழுதினர். சிலுவையின் வாசகமோ, சில தலைமுறைகளுக்குள் எவரும் படிக்க இயலாத மொழியில் அமைந்துவிட்டது.

கருத்து வேறுபாடுகள்

இச்சிலுவைகள் யாருக்கு உரியவை என்பது ஆய்வாளரின் கேள்வியாக மட்டும் இருக்கவில்லை. பர்னெல் தம் கட்டுரையில், தென்னிந்தியாவின் பழைய பாரசீகக் குடியேற்றங்கள் மானி என்பவரின் சமயத்தைச் சார்ந்தவையாக இருக்கலாம் என்றும் கருதினார். 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், சீரோ மலபார் கத்தோலிக்கத் திருச்சபையில் பழைய சிரியாக்கு வழிபாட்டு மரபை மீட்கும் முயற்சியின் பகுதியாக, பீடங்களில் மார்த்தோமா சிலுவையை வைக்கும் வழக்கம் பரவியது. இதனை எதிர்த்தோர் பர்னெலின் கருதுகோளை முன்னிறுத்தி, இது கிறித்தவச் சிலுவையே அன்று, மானிக்கேயச் சிலுவை என வாதிட்டனர். இயேசுவின் உருவம் தாங்கிய சிலுவையே வேண்டும் என்பது அவர்களின் நிலைப்பாடு. ஆதரித்தோர், உருவமற்ற சிலுவை உயிர்த்தெழுதலைக் குறிப்பதாகவும், அதுவே தம் முன்னோரின் வழிபாட்டுச் சின்னம் என்றும் கூறினர்.

வாசகத்தில் மெசியாவின் பெயர் வருவதும், கோட்டயத்தின் பெரிய சிலுவையில் விவிலிய வசனம் இருப்பதும், இவை கிறித்தவச் சிலுவைகளே என்பதற்குப் போதிய சான்றுகளாக ஆய்வாளர் பலரால் ஏற்கப்பட்டுள்ளன. மறுபுறம், தோமையாரே செதுக்கினார் என்னும் நம்பிக்கையையும் வாசகம் ஆதரிக்கவில்லை. இரு தரப்பினரும் கல்லின் மீது ஏற்றிய பொருள்களை விட, கல்லில் உள்ள செய்தி எளிமையானது.

முக்கியத்துவம்

* போர்த்துக்கீசருக்கு முற்பட்ட தென்னிந்தியக் கிறித்தவத்துக்கு நேரடிக் கற்சான்றாக உள்ளன.
* பாரசீக வளைகுடா, மலபார், சோழ மண்டலக் கடற்கரை, இலங்கை ஆகியவற்றை இணைத்த கடல் வணிகத்தைக் காட்டுகின்றன.
* பகலவி மொழி வழங்கிய எல்லையின் தென்கோடியை வரையறுக்க உதவுகின்றன.
* மேற்காசியச் சிலுவை வடிவமும் தென்னிந்திய மகர தோரணமும் இணைந்த கலப்புக் கலைக்கு எடுத்துக்காட்டாக விளங்குகின்றன.

இவற்றையும் பார்க்க

* பரங்கிமலை
* சாந்தோம் தேவாலயம்
* தரிசாப்பள்ளி செப்பேடுகள்
* கிழக்குத் திருச்சபை
* அனுராதபுரம்
* நடுகல்
* திருமலை சமணர் கோயில்